சைக்கிள் கொடுத்தால் போதுமா?

சர்க்கார் கொடுத்த சைக்கிளில் ஏறிப் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளைக் காணாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். 2001-02 ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கென்று ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டம், பின்னர் படிப்படியாக விரிந்து மற்ற வகுப்பாருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. நல்ல காரியம், அதைப் பாராட்டுவதில் எக்கட்சியாருக்கும் தயக்கமில்லை. ஆனால் சைக்கிளைக் கொடுத்தவர்கள் அது ஓட வேண்டிய சாலையைப் பற்றி என்ன யோசித்தார்கள்? அந்தச் சாலையில் தனித்து வரும் பெண்ணை ஒரு துஷ்டன் வழிமறித்தால் அவள் என்ன செய்யலாம், சட்டம் அவளுக்கு எவ்வளவு தூரம் இடங்கொடுத்திருக்கிறது என்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் யார்?

இப்பொழுது நடப்பது என்னவென்பது யாவருக்கும் தெரியும். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையேயுள்ள ஆளரவமற்ற இடத்தில் ஒரு மாணவியை எவனோ பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுக்கிறான். அவள் அழுதுகொண்டு வீடு வந்து சேருகிறாள். மறுநாள் அவளுடைய சைக்கிள் திண்ணையில் சார்த்தி வைக்கப்படுகிறது. செய்தி பரவிய ஒரு வாரத்துக்குள் அதே தெருவில் இன்னும் இரண்டு மூன்று சைக்கிள்கள் ஓய்வு பெறுகின்றன. குற்றம் செய்தவன் சாலையில் உல்லாசமாகத் திரிகிறான். குற்றமற்றவள் வீட்டில் சிறையிருக்கிறாள். இந்த ஏற்பாட்டுக்குப் பெரியவர்கள் இட்டிருக்கும் பெயர் பாதுகாப்பு! இதைத் தோல்வி என்று சொல்வதே பொருந்தும். ஒரு துஷ்டனுடைய இஷ்டத்துக்கு ஓர் ஊர் முழுவதும் கீழ்ப்படிந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டுப் பெண்கள் சைக்கிளைக் கைக்கொண்ட வரலாற்றை அறிந்தவர்கள் இந்தத் தோல்விக்கு உடன்படமாட்டார்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியபோது, அப்பொழுது கலெக்டராயிருந்த ஷீலாராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. கல் உடைக்கும் கூலிப் பெண்களும், வயற்காட்டில் உழைப்பவர்களும், பால்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு சொன்னவர்களும் இருந்தார்கள். 1992 ஆம் வருஷத்துச் சர்வதேச மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடி பறக்க, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகர வீதிகளில் ஊர்வலமாக வந்ததே அந்தக் கேலிக்கு விடையாயிற்று. ஒருத்தி தனியே போனால் வாய் திறக்கும் கூட்டம் ஆயிரம் பேர் ஒன்றாகப் போனால் வாயடைத்துப் போகும். தற்காப்பின் முதற்பாடம் இதுவே.

சைக்கிளை நிறுத்திவிடுவதால் நஷ்டம் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பீஹார் மாகாணத்தில் 2006-ல் பள்ளி மாணவியருக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் ஏற்பட்டது. அதன் பலனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவிகிதம் உயர்ந்தது. ஆண் பெண் சேர்க்கையிலிருந்த வித்தியாசம் 40 சதவிகிதம் குறைந்தது என்று அவர்கள் கண்டார்கள். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்து மாணவியரைப் பற்றிப் பின்னர் நடந்த ஆராய்ச்சியில் மற்றொரு விஷயமும் வெளியாயிற்று: சைக்கிள் பெற்ற பெண்களுக்கு வழியில் நேரும் கேலியும் சீண்டலும் குறைந்தன. நடந்து செல்பவள் ஒரு மணி நேரம் வழியில் இருக்கிறாள்; சைக்கிளில் செல்பவள் அதில் ஒரு பகுதியே இருக்கிறாள். ஆகவே சைக்கிளே ஒரு தற்காப்புச் சாதனம். அதைப் பிடுங்கி வைப்பவர்கள் பெண்ணைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவள் கையிலிருந்த கேடயத்தைப் பிடுங்குகிறார்கள்.

சாலையில் சைக்கிளோட்டிக்கு அபாயம் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று மோட்டாரால் வருவது. மற்றொன்று மனிதனால் வருவது. முதலாவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022 ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் கால்நடையாகச் சென்றவர்கள் 32,825 பேர். சைக்கிளோட்டிகள் 4,000-க்கு மேற்பட்டவர்கள். யுத்தம் நடக்கும் தேசங்கள் பலவற்றிலும் இவ்வளவு பேர் ஒரு வருஷத்தில் மடிவதில்லை என்று சொல்லத்தக்க தொகை இது. இரவில் விளக்கில்லாமலும், பின்புறத்தில் சிவப்பு ஒளிப்பட்டை இல்லாமலும் செல்லும் சைக்கிள் வேகமாக வரும் லாரிக்காரனுக்குக் கடைசி நிமிஷம் வரையில் தென்படுவதே இல்லை. நம் நாட்டு வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால், இடப்பக்கத்தில் ஒட்டி வரும் சைக்கிள் அவன் கண்ணுக்கு மறைவாகிவிடுகிறது. லாரியோ பஸ்ஸோ இடப்பக்கம் திரும்பும் இடத்தில் அதற்கும் ஓரத்துக்கும் நடுவே புகுவது மரணத்தின் வாயில் புகுவதாகும். நிறுத்தியிருக்கும் காரின் கதவு எந்த நிமிஷமும் திறக்கலாம் என்று எண்ணி இடைவெளி விட்டே செல்ல வேண்டும். புடவைத் தலைப்பும் தாவணியும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ள வேண்டும். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு சாலையில் செல்பவன் பின்னால் வரும் எமனையும் அறியமாட்டான், எதிரியையும் அறியமாட்டான்.

மனிதனால் வரும் அபாயத்துக்குச் சட்டம் என்ன பரிகாரம் வைத்திருக்கிறது? இதைப் பற்றி நம் ஜனங்களிடையே ஒரு பெரிய தப்பபிப்பிராயம் நிலவுகிறது. அடிக்க வந்தவனைத் திருப்பி அடித்தாலும் போலீஸ் கேஸில் அகப்பட்டுக்கொள்வோம் என்று படித்தவர்களே அஞ்சுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1837-ல் மெக்காலேயின் தலைமையிலிருந்த சட்டக் கமிஷனர்கள் இந்திய தண்டனைச் சட்டத்தின் நகலைத் தயாரித்தபோது, இந்நாட்டு ஜனங்கள் கொடுமைக்கு எதிர்ப்பின்றி அடங்கிப்போகிறார்கள் என்பதைக் கண்டு, தற்காப்புரிமையைக் குறுக்குவதைவிட ஜனங்களுக்குத் தைரியம் ஊட்டுவதே தங்கள் நோக்கம் என்று எழுதி வைத்தார்கள். நம்மை அடக்கி ஆண்டவர்களே, 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டு நம் கையிலிருந்த ஆயுதங்களைப் பறித்தவர்களே, தற்காப்புக்கு இவ்வளவு தாராளமாக இடங்கொடுத்தார்கள் என்றால், சுதந்திர நாட்டின் பிரஜைகள் அதை அறியாமலிருப்பது எவ்வளவு பெரிய வெட்கம்!

1860-ல் நிறைவேறிய அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 ஆம் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரையிலிருந்த தற்காப்புப் பிரிவுகள் புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரையில் இடம் பெற்றிருக்கின்றன, சாரம் மாறவில்லை. தன் தேகத்தையும், பிறர் தேகத்தையும், திருட்டு, கொள்ளை முதலியவற்றினின்று தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு. வழியில் ஒரு பெண் தாக்கப்படுவதைக் காணும் அயலானுக்கும் அவளைக் காக்கும் உரிமை உண்டு என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தாக்குகிறவன் குடிவெறியில் இருக்கிறான் என்பதால் இவ்வுரிமை குறைந்துவிடாது. அடி விழும் வரையில் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தோன்றும்போதே உரிமை பிறக்கிறது. கொலை, கொடுங்காயம், கற்பழிப்பு, ஆள் கடத்தல், திராவகம் வீசுதல் முதலியவற்றுக்கு ஒருவன் துணிந்தால், தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் அவன் உயிர் போனாலும் அது குற்றமாகாது என்று 38 ஆம் பிரிவு கூறுகிறது.

தாக்கப்பட்டவர் எவ்வளவு பலம் உபயோகித்தார் என்பதை நியாயஸ்தலம் பிறகு அமைதியாக உட்கார்ந்து அணு அணுவாக அளந்து பார்க்குமோ என்ற அச்சமும் வேண்டாம். 2010-ல் தர்ஷன் சிங் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் இவ்விஷயத்தைத் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். திடீரென்று ஆபத்தில் அகப்பட்டவன் தன் எதிர்ப்பைக் கணக்குப் போட்டுப் படிப்படியாக நடத்த வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது; சட்டத்துக்கு அடங்கி நடக்கும் பிரஜை கோழையாக நடந்துகொள்ள வேண்டுமென்று சட்டம் விரும்பவில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

எனினும் இவ்வுரிமை கேடயமேயன்றிச் சவுக்கு ஆகாது. 37 ஆம் பிரிவு இரண்டு எல்லைகளை வகுத்திருக்கிறது. காத்துக்கொள்வதற்கு அவசியமான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடுகிறவனைத் துரத்திச் சென்று அடிப்பதும், மறுநாள் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவதும், பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி வைத்து உதைப்பதும் தற்காப்பு அல்ல. அவை தனிக் குற்றங்கள். மிளகுத் தூள் தெளிப்பானை உயிருக்கு உடனடி அபாயமில்லாத ஒரு தகராறில் உபயோகித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய 2024-ல் கர்நாடக ஹைக்கோர்ட்டார் மறுத்துவிட்டார்கள். ஆபத்து நின்ற இடத்தில் உரிமையும் நின்றுவிடுகிறது.

சட்டம் அறிந்தால் மாத்திரம் போதாது. சாலையில் யுக்தியும் வேண்டும். அறியாத ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழி கேட்டால், இறங்காமல், எட்ட நின்றே பதில் சொல்லலாம். எவனாவது பின்தொடர்கிறான் என்று தோன்றினால் வீட்டை நோக்கிப் போகாமல் விளக்கும் ஜனங்களும் உள்ள கடையை நோக்கிப் போக வேண்டும். வழிமறித்தால் சைக்கிளைவிட்டு இறங்கி அதைத் தனக்கும் அவனுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். இரும்பாலான அந்த வேலி ஒரு நிமிஷமாவது கொடுக்கும், அந்த ஒரு நிமிஷம் கூக்குரலிடுவதற்கு. துரத்தி வரும் நாய்க்கும் இதே முறைதான். மணி, கூக்குரல், ஊதல் ஆகிய மூன்றும் துஷ்டனுக்கு ஆகாதவை. அவன் நம்பியிருப்பது நம் மௌனத்தை. பணத்தையோ செல்போனையோ கேட்டுக் கத்தியைக் காட்டினால் கொடுத்துவிடுவதே விவேகம். போன பொருளை மீண்டும் சம்பாதிக்கலாம். கொள்ளையடித்தவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்: நெடுஞ்சாலையில் சூரியாஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே நடக்கும் கொள்ளைக்குப் பதினான்கு வருஷம் வரையில் கடுங்காவல் உண்டு. வண்டியின் நம்பரையும் ஆளின் அடையாளத்தையும் மனத்தில் பதித்துக்கொள்வதே அப்போது செய்யத்தக்க வீரம்.

அடுத்தபடி போலீஸ் ஸ்டேஷன். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறார்கள். பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்பது வீட்டாரின் கவலை; எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்பது சில ஸ்டேஷன்களின் வழக்கமான பதில். 2024 முதல் அமலிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதிவு செய்யலாம். பெண்ணைப் பின்தொடர்வது, ஆபாச வார்த்தை பேசுவது, கை வைப்பது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே தண்டனைக்குரிய குற்றம். மானபங்கம் முதலிய குறிப்பிட்ட குற்றங்களைப் பற்றிய புகாரைப் பதிவு செய்யத் தவறும் உத்தியோகஸ்தருக்கே ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு என்று நியாய சன்ஹிதாவின் 199 ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவின் எண்ணை அறிந்த தகப்பனாரிடம் எந்த உத்தியோகஸ்தரும் அலட்சியமாகப் பேசமாட்டார். சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துன்புறுத்தப்பட்டு மாண்ட கொடுமைக்குப் பிறகு 1998-ல் தமிழ்நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டங்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றை உபயோகிப்பவர்களுக்கே பஞ்சம்.

விபத்துக்கும் இதுவே பொருந்தும். மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், உயிர் போயிருந்தால் இரண்டு லட்சம் ரூபாயும், கொடுங்காயம் பட்டிருந்தால் ஐம்பதாயிரம் ரூபாயும் நஷ்டஈடு பெற 2022 ஏப்ரல் முதல் ஏற்பாடு இருக்கிறது. அடிபட்டுக் கிடப்பவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்பவன் வழக்கில் சிக்கிக்கொள்வான் என்ற பயத்தையும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு நீக்கியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவுபவனுக்கு எவ்விதப் பொறுப்பும் கிடையாது.

இவ்வளவும் சொன்னதால், தங்களைக் காத்துக்கொள்வது ஜனங்களின் வேலை என்று சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்பது நமது கருத்தன்று. தற்காப்பு என்பது காப்பவர் வந்து சேரும் வரையிலுள்ள இடைக்கால உரிமை. காப்பவர் வரவே மாட்டார் என்றால் அரசாங்கம் எதற்கு? சென்னை மாநகராட்சியார் 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முதலிடம் அளிக்கும் கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டார்கள். கொள்கை சிறந்ததே. ஆனால் தடையின்றிச் சைக்கிள் செல்லக்கூடிய தனிப்பாதை நகரத்தில் எத்தனை மைல் இருக்கிறது என்று சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளியைக் கேட்டால், அவன் சிரிப்பான்.

சைக்கிளோட்டிகளின் சொர்க்கம் என்று இன்று புகழப்படும் ஹாலந்து தேசம் எப்பொழுதும் அப்படி இருக்கவில்லை. 1971-ல் அச்சிறு நாட்டின் சாலைகளில் 3,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் வீதிக்கு வந்தார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற கோஷத்தையே பெயராகக் கொண்டு ஓர் இயக்கம் எழுந்தது. சாலையை மறித்தார்கள், மந்திரிகளைக் கேள்வி கேட்டார்கள், மோட்டாருக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு பகுதியைச் சைக்கிளுக்கு மீட்டார்கள். இன்று அங்கே காணப்படும் தனிப்பாதைகள் தாமாக முளைத்தவையல்ல, கேட்டுப் பெற்றவை. கேட்கத் தெரிந்த ஜனங்களுக்கே சாலை சொந்தமாகும்.

நமது தேசத்தொண்டர்கள் இவ்விஷயத்தைச் சிறிய காரியம் என்று தள்ளிவிடக் கூடாது. ஒவ்வோர் ஊரிலும் ஒரே திசையில் செல்லும் மாணவியரையும் பெண் தொழிலாளர்களையும் ஒன்று சேர்த்துக் குழுவாகச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் பள்ளிக்கூடத்தில் வந்து தற்காப்புப் பிரிவுகளை விளக்கும்படி உள்ளூர் வக்கீலைக் கேளுங்கள். மறுக்கும் வக்கீல் அபூர்வம். தெருவிளக்கு 1994 ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கடமை. ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கூடும் கிராம சபையில் எந்த இடம் இருட்டாக இருக்கிறதென்று பெயர் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அபாயமான இடங்களின் ஜாப்தாவைத் தயாரித்துப் போலீஸ் சூப்பரின்டெண்டுக்கு எழுத்து மூலம் அனுப்பி, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். தொல்லைக்குள்ளான பெண் புகார் கொடுக்கச் செல்லும்போது அவளைத் தனியே அனுப்பாதீர்கள். ஊரே உடன் செல்லட்டும்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெண் அழுதுகொண்டு வந்த மறுநாள் அவளுடைய சைக்கிளைப் பூட்டி வைப்பது எளிது. அன்று காலையில் நீங்களும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, அண்டை வீட்டார் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு, அவளோடு அதே சாலையில் பள்ளிக்கூடம் வரையில் சென்று வாருங்கள். திரும்பும் வழியில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் வாருங்கள். சாலை யாருடையது என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிடும்.